மூடியின் உட்புறம்

பின்கதவைத் தாண்டினால் ஒரு சிறிய முற்றம். வெறும் பியர்ப் போத்தல்கள், மீன் வந்த மரப்பெட்டிகள், கொடியில் காயும் இரண்டு வெள்ளைத் துணிகள். நடுவில் நான் நிற்கிறேன். சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை. வலது கையில் ஒரு பிடி சோறு.

"கா... கா..." என்று கூப்பிடுகிறேன்.

வேலிக்கு அப்பால் இருந்த யூக்கலிப்டஸ் மரத்தில் ஒரு காகம். இந்த நாட்டுக் காகம் எங்கள் காகத்தைவிடப் பெரியது. கண் வெள்ளையாக இருக்கும். அது கத்தினால் காகம் கரைவது போல இராது; பசித்த குழந்தை அழுது அழுது, கடைசியில் குரல் இழுபட்டு அடங்குவது போல இருக்கும். சிட்னிக்கு வந்த புதிதில் பரமட்டா வீட்டில் அதைக் கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் யாரோ பிள்ளையை அடிக்கிறார்கள் என்று நான் கதவைத் தட்டப் போனதுண்டு.

அன்றைக்கும் அது அப்படித்தான் அழுதது. பிறகு இறங்கி வந்தது. நான் மரப்பெட்டியின் மேல் சோற்றை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தேன். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றது.

மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கும்பிட்டேன்.

அந்தச் சோறு என்னுடையது அல்ல. யாருக்கு வைத்த சோறு என்பதும் எனக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகன் போன கதை

இந்தத் தொடரில் இதுவரை என் மகனைப் பற்றி அதிகம் எழுதவில்லை. காரணம் இருக்கிறது.

நாங்கள் சிட்னிக்கு வந்தபோது சுகந்தனுக்குப் பதினைந்து வயது. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியையாக இருந்த நான் இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கோப்புகளை அடுக்கினேன். இவர், என் கணவர், எஞ்சினியர். மகனும் எஞ்சினியர் ஆகவேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, அவனைத் தவிர.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டுப் பரீட்சையை எழுதாமலே வீட்டுக்கு வந்தான். இவர் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒரு வார்த்தை சொன்னார். அது என்ன வார்த்தை என்று எழுத மாட்டேன். அவன் பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போனான்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. சிட்னிக்குத் தெற்கே, காரில் ஏழு மணித்தியாலத் தூரத்தில் ஒரு சின்னத் துறைமுக ஊர். அங்கே சூரை மீன் பிடிக்கிற படகில் வேலை. "சுகமாக இருக்கிறேன். அப்பாவிடம் சொல்லுங்கள்." எதைச் சொல்லவேண்டும் என்று எழுதவில்லை.

அதன் பிறகு வானிலை அறிக்கை கேட்பது எனக்கு ஒரு நோயாகிவிட்டது. வீட்டில் ரேடியோவை நிறுத்த விடமாட்டேன். தெற்குக் கரையில் காற்று என்று ஒரு சொல் வந்தால் போதும், செய்கிற வேலையை விட்டுவிட்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுவேன்.

ஒரு வியாழக்கிழமை காலை அந்தச் சொல் வந்தது. புதன் இரவு கடும் புயல். படகுகள் எல்லாம் ஒதுங்கிவிட்டன. ஒன்றிலிருந்து மட்டும் பதில் இல்லை. படகின் பெயரைச் சொன்னார்கள். மகனின் கடிதத்தில் இருந்த பெயர்.

அன்று முழுதும் தொலைபேசியோடு கழிந்தது. வெள்ளிக்கிழமை விடிய முன்னம் இவர் என் பக்கத்தில் வந்து நின்றார். உடுப்பு மாற்றிக் கார்த் திறப்பைக் கையில் வைத்திருந்தார்.

"வெளிக்கிடும்" என்றார்.

எல்லாரும் காத்திருக்கும் இடம்

துறைமுகத்தில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு கிழவர் எங்களிடம் பேசினார். தேடிப் போயிருக்கிறார்கள், ரேடியோ உடைந்திருக்கலாம், எஞ்சின் நின்றிருக்கலாம், இப்படி முன்னமும் நடந்திருக்கிறது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மிச்சியின் கடைக்குப் போங்கள். அங்கே ரேடியோ வைத்திருக்கிறார்கள். எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். ஏதாவது சாப்பிடுங்கள்" என்றார்.

மிச்சியின் கடை என்பது ஒரு ஜப்பான்காரச் சாப்பாட்டுக் கடை. அந்த நாளில் சிட்னியிலேயே அப்படிக் கடைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஆயிரத்தைந்நூறு பேர்கூட இல்லாத ஓர் ஊரில் அது எப்படி வந்தது என்று பிறகுதான் அறிந்தேன். போர் முடிந்து ஜப்பானுக்குக் காவலுக்குப் போன அவுஸ்திரேலியச் சிப்பாய்கள் சிலர் அங்கே கலியாணம் செய்து பெண்களைக் கூட்டிவந்தார்கள். ஊரார் மிச்சி என்று கூப்பிடும் மிச்சிகோவும் அப்படி வந்தவர். ஐம்பது வயது இருக்கும். சூரை மீன் வாங்க ஜப்பானிலிருந்து வியாபாரிகள் வந்துபோகத் தொடங்கியபோது அவர்களுக்காகச் சமைக்க ஆரம்பித்தாராம். முன் பக்கம் பார். மீனவர்கள் பியர் குடித்துப் பொரித்த மீன் சாப்பிடுவார்கள். ஒரு மரத்தட்டிக்குப் பின்னால் ஐந்து மேசைகள். அங்கேதான் பச்சை மீன்.

வாசலில் இவர் தயங்கினார்.

"வேற கடை இல்லையாமோ?"

"இல்லை."

"ஜப்பான்காரன்ர கடை" என்றார், தனக்குள் சொல்வது போல. எங்கள் குடும்பத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பாரில் ஏழெட்டு ஆண்கள். எல்லாரும் ரேடியோப் பெட்டியைச் சுற்றி முதுகு காட்டி நின்றார்கள். அதிலிருந்து இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. இடையிடையே ஒரு குரல் பாதி வார்த்தை சொல்லிவிட்டு மூழ்கிப் போகும். ஒவ்வொரு முறையும் எல்லாரும் குனிவார்கள். பிறகு நிமிர்வார்கள்.

நாங்கள் யார் என்பது அவர்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்தப் படகில் எங்கள் நிறத்தில் ஒருவன்தான் இருந்திருப்பான். ஒருவர் எழுந்து கதிரையை இழுத்து விட்டார்.

"மீன் வேகவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அம்மா. கத்தியோடு வருவாள்" என்றார். யாரோ சிரித்தார்கள். இன்னொருவர் தாழ்ந்த குரலில், "அவளைப் பாருங்கள். அவளே பேசாமல் நின்று சமைக்கிறாள்" என்றார்.

அந்தப் பேச்சின் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை. அமைதியான சுபாவம் உள்ளவர் என்று எடுத்துக்கொண்டேன்.

பச்சை மீனும் பச்சைக் களியும்

வெள்ளிக்கிழமை என்பதால் நான் மரக்கறி. மிச்சிகோ மேசைக்கு வந்தபோது அதை விளக்கினேன். அவருடைய ஆங்கிலம் துண்டு துண்டாக வரும். அதற்குள்ளேயே எல்லாம் சொல்லிவிடுவார்.

"மீன் இல்லை. முட்டை?"

"முட்டையும் இல்லை."

"கடவுள்?"

"ஓம், கடவுள்தான்."

தலையை ஆட்டினார். "வெள்ளரிக்காய்" என்றார்.

இவருக்கும் வெள்ளிக்கிழமை மரக்கறிதான். ஆனால் அன்று அவர் பலகையில் எழுதியிருந்த முதல் சாப்பாட்டைக் காட்டினார். என்னவென்று பார்க்கக்கூட இல்லை. முதல்நாள் காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

மிச்சிகோ எங்கள் கண்ணெதிரிலேயே செய்தார். ஈரக் கையால் சோற்றை எடுத்து, இரண்டு விரலால் அமர்த்தி, நீள உருண்டையாக்கி, மேலே சிவந்த சூரைத் துண்டை வைத்தார். விரல்கள் அமர்த்துகிற விதம் எனக்கு வேறொன்றை நினைவூட்டியது. கடற்கரையில் ஐயர் சொல்லச் சொல்லச் சோற்றை அமர்த்திப் பிண்டம் பிடிக்கிற கை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தட்டின் ஓரத்தில் பச்சையாகக் களி போல ஏதோ இருந்தது. இவர் அதைச் சட்னி என்று நினைத்து ஒரு விரலளவு எடுத்து வாயில் வைத்தார். மூக்குக்குள் நெருப்பு வைத்தது போல முகம் சிவந்து, கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"தண்ணியைக் குடியுங்கோ" என்றேன்.

"இல்லை, நல்லாத்தான் இருக்கு" என்றார். திரும்பவும் அதே அளவு எடுத்தார். திரும்பவும் நீர் கொட்டியது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு மூன்றாம் முறையும் எடுத்தார்.

அவர் என்ன செய்கிறார் என்பது எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. கலியாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் அழுது நான் கண்டதில்லை. நான் பார்வையை வேறு பக்கம் வைத்தேன்.

அப்படிப் பார்வையை வைத்த பக்கத்தில்தான் அந்தத் தட்டம் இருந்தது.

படத்துக்கு முன்னால்

பாரின் கடைசி மூலையில் சுவரோடு ஒரு பலகை. அதில் சட்டம் போட்ட படம். சிப்பாய் உடுப்பில் சிரிக்கிற ஓர் இளைஞன், இருபத்திரண்டு வயது இருக்கும். பக்கத்தில் ஒற்றைப் பூ. படத்துக்கு முன்னால் ஒரு தட்டம். அதில் மூடிய கிண்ணம், சிறு பீங்கானில் ஒரு துண்டு மீன், இரண்டு குச்சிகள், ஒரு கிளாஸ் பியர். நுரை அடங்கிப்போயிருந்தது.

எங்கள் ஆட்களில் யாரைக் கொண்டுவந்து அதன் முன்னால் நிறுத்தினாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள். உயிரோடிருப்பவரின் படத்துக்கு நாங்கள் பூ வைப்பதில்லை. குடித்துப் பழகியவர் என்றால் படையலில் சாராயம் வைப்பதும் உண்டு. போரில் இறந்த மகன், அல்லது தம்பி. பாவம் என்று நினைத்தேன்.

அருகில் போய்ப் பார்த்தேன். ஆண்கள் ரேடியோவோடு நின்றார்கள். மிச்சிகோ உள்ளே குசினியில் எண்ணெய்ச் சட்டியோடு நின்றார்.

கிண்ணம் வெளியே கறுப்பு, உள்ளே சிவப்பு, மரத்தில் அரக்குப் பூசியது. மூடியைத் தூக்கினேன். வெள்ளைச் சோறு. மேலே கறுப்பு எள் தூவியிருந்தது.

எள்ளும் சோறும். அதற்கு மேல் எனக்கு அத்தாட்சி தேவைப்படவில்லை.

பகல் பன்னிரண்டு தாண்டிவிட்டது. படைத்தது படைத்தபடி இருக்கிறது. காகத்துக்கு வைக்காமல் வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டோம். இந்தப் பெண் தனி ஆளாய் நின்று இத்தனை பேருக்குச் சமைக்கிறாள். கொண்டுபோய் வைக்க ஆளில்லை. அவளும் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இன்னொருத்தி பிள்ளைக்கு நான் இதைச் செய்தால் என் பிள்ளையை விட்டுவிடுவார்கள் என்று ஓர் எண்ணம். யார் விடுவார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சோற்றைக் கையில் எடுத்துக்கொண்டு பின்கதவால் போனேன்.

திரும்பி வரும்போது இவர் எழுந்து நின்றார்.

"எங்க போனனீர்?"

"காகத்துக்கு வச்சிட்டு வாறன்."

"ஆருக்கு?"

"அந்தப் படத்தில இருக்கிற பெடியனுக்கு. மனுசி தனிய நிக்குது. பாவம்."

"உமக்கேன் தேவையில்லாத வேலை?" என்றார். பிறகு என் பின்னால் பார்த்தார். அவர் முகம் மாறியது.

மிச்சிகோ கையில் வெள்ளரிக்காய்ச் சோற்றோடு நின்றார். பலகையில் இருந்த வெறும் கிண்ணத்தைப் பார்த்தார். என் விரல்களில் ஒட்டியிருந்த எள்ளைப் பார்த்தார்.

"சோறு எங்கே?"

நான் மெதுவாக, துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னேன். எங்கள் வழக்கம் இது. உங்கள் மகனுக்காகப் பறவைக்கு வைத்தேன். அவர் ஆத்மா சாந்தியடையட்டும்.

"மகன் இல்லை" என்றார் மிச்சிகோ. "கணவர். லெஸ். பழைய படம். இப்போது கடலில். உங்கள் பிள்ளையின் படகில்."

ஆர் செத்தது?

இங்கே அந்தப் பழைய கணக்கைச் சொல்லியாக வேண்டும்.

என் சித்தப்பா மலாயாவில் ரயில்வே கந்தோரில் வேலை பார்த்தவர். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும் கடிதங்கள் நின்றுபோயின. சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், அங்கே காய்ச்சலில் போய்விட்டார் என்று யாரோ வந்து சொன்னார்கள். அப்பா ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தார். பிறகு காரியம் செய்தார். நான் அப்போது சிறுமி. எள்ளும் தண்ணீரும் இறைத்தது நினைவிருக்கிறது. சித்தப்பாவின் படத்தைப் பெருப்பித்துச் சுவரில் மாட்டிப் பூமாலை போட்டோம்.

போர் முடிந்து சில மாதங்களில், ஒரு மத்தியானம், சித்தப்பா படலையைத் திறந்துகொண்டு வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். வீட்டுக்குள் ஏறிச் சுவரைப் பார்த்தார். மாலைக்குள் இருந்த தன் முகத்தை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஆர் செத்தது?" என்று கேட்டார்.

ஐயரைக் கூப்பிட்டுப் பரிகாரம் செய்தார்கள். படத்தைக் கழற்றினார்கள். ஆனால் சித்தப்பா அந்த வீட்டில் ஒழுங்காக ஒரு நேரம் சாப்பிட்டதில்லை. பிசைவார், முகர்வார், வைத்துவிடுவார். "சோத்தில எள்ளு மணக்குது, மச்சாள்" என்று அம்மாவிடம் சொல்வார். சோற்றில் எள் இருக்காது. இரண்டு வருடம்கூட அவர் உயிரோடு இருக்கவில்லை. சிறுநீரகம் என்றார் டாக்குத்தர். "நாங்கள்தான் அனுப்பி வச்சனாங்கள்" என்றார் அம்மா, கடைசிவரைக்கும்.

ஆகவே அந்தக் கடையில் நான் என்ன செய்துவிட்டேன் என்பது வேறு யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரிந்தது. உயிரோடு கடலில் நிற்கிற ஒரு மனிதனுக்குக் காகத்துக்கு வைத்துக் கும்பிட்டிருந்தேன். அவர் நின்ற படகில்தான் என் மகனும் நின்றான்.

ஒரு கேள்வி

மிச்சிகோ கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. தட்டை மேசையில் வைத்துவிட்டு என் எதிரில் இருந்தார்.

அவர் சொன்னது இது. வீட்டில் ஒருவர் தூரப் போனால் அவருக்கும் சோறு வைப்பது அவருடைய ஊர் வழக்கம். போன இடத்தில் அவர் பசித்திருக்கக் கூடாது என்பதற்காக. போர்க்காலத்தில் தாய்மார் எல்லாரும் வைத்தார்கள். இருபது வருடமாக லெஸ் கடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அவர் வைக்கிறார். சுடச்சுட வைத்து மூடிவிடுவது. மத்தியானம் ஒரு முறை, ஒரே ஒரு முறை, மூடியைத் திறந்து பார்ப்பது. மூடியின் உட்புறம் தண்ணீர் துளித்து நின்றால் போனவர் சுகமாக இருக்கிறார்.

"இல்லாவிட்டால்?" என்று இவர் கேட்டார்.

மிச்சிகோ அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நேற்று பயம், திறக்கவில்லை. இன்று நீங்கள் திறந்தீர்கள். தண்ணீர் இருந்ததா?"

குசினியில் பழகியவர்களுக்கு ஒரு கைவழக்கம் உண்டு. சோற்றுச் சட்டி மூடியைத் தூக்கும்போது, ஆவித் தண்ணீர் சோற்றில் விழாதபடி ஒரு பக்கம் சரித்துத்தான் தூக்குவோம். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். அன்றும் கை சரித்தது. விழ ஒன்றும் இருக்கவில்லை. சோறு சூடாகத்தான் இருந்தது, முகத்தில் ஆவி பட்டது. ஆனால் மூடியின் சிவப்பு, துணியால் துடைத்து வைத்தது போல உலர்ந்திருந்தது. விரலால் தொட்டும் பார்த்தேன். ஏன் தொட்டேன் என்று தெரியாது.

"இருந்தது" என்றேன். "நிறைய இருந்தது."

மிச்சிகோ மூச்சை விட்டார். புதன் இரவிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு அது. எழுந்து போய் இரண்டு கிண்ணங்களில் புதுச் சோறு கொண்டுவந்தார்.

"உங்கள் பிள்ளைக்கும்" என்றார். "படம்?"

என் கைப்பையில் சுகந்தனின் பழைய பஸ் பாஸ் இருந்தது, பள்ளிக்கூடச் சட்டையில் எடுத்த சின்னப் படத்தோடு. அதை வாங்கிச் சோயாப் போத்தலில் சாய்த்து வைத்தார். முன்னால் கிண்ணத்தை வைத்து, எள் போத்தலை எடுத்தார்.

நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். என் பிள்ளையின் படம், முன்னால் சோறு, அதன் மேல் எள். என்னால் முடியவில்லை.

"எள் வேண்டாம். தயவுசெய்து."

ஏன் என்று கேட்கவில்லை. போத்தலைக் கீழே வைத்தார். ஆனால் நாலைந்து எள் ஏற்கனவே விழுந்திருந்தது. குச்சியின் நுனியால் ஒவ்வொன்றாகக் கவ்வி எடுத்துத் தன் உள்ளங்கையில் போட்டுக்கொண்டார். கடைசி எள் வரும்வரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு மூடினார்.

"ஒரு மணித்தியாலம்" என்றார். "தாய் திறக்க வேண்டும்."

அந்த ஒரு மணித்தியாலத்தில் வெள்ளரிக்காய்ச் சோற்றை உண்டேன். புளிப்பும் இனிப்புமாக இருந்தது. மென்று விழுங்கியது நினைவிருக்கிறது, பசி நினைவில்லை.

நேரம் வந்ததும் மூடியைத் தூக்கினேன். சரிக்க மறந்துபோனேன். உட்புறம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். தூக்கிய வேகத்தில் பெரிய துளிகள் சோற்றிலும் என் கையிலும் விழுந்தன.

இவர் என் தோளில் கை வைத்தார். பாரில் நின்ற ஆண்களில் ஒருவர் கைதட்டினார். மிச்சிகோ சிரித்தார், அன்று முதல் முறையாக.

மகன் இருக்கிறான் என்ற சந்தோஷம் வந்த அதே கணத்தில், முதல் மூடி எதைச் சொன்னது என்பதும் வந்துவிட்டது. லெஸ்ஸின் புதுக் கிண்ணம் மூடியபடி இருந்தது. அதை மிச்சிகோ திறக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு முறைதான். அந்த ஒரு முறையை என் வாயிலிருந்து கேட்டுவிட்டார்.

துறைமுகம்

நாலு மணியளவில் ரேடியோவில் முழு வாக்கியம் ஒன்று வந்தது. எஞ்சின் நின்று மிதந்த படகைக் கண்டுபிடித்து இழுத்து வருகிறார்கள். பாரில் கூச்சல். கதிரைகள் விழுந்தன.

"நீங்கள் போங்கள்" என்றார் மிச்சிகோ. "லெஸ் பசியோடு வருவார். நான் சமைக்கிறேன்."

வெயில் சாயும் நேரம் படகு வந்து அணைந்தது. ஆறு பேர் போன படகு. ஐந்து பேர் இறங்கினார்கள். நான்காவதாகச் சுகந்தன். போர்வைக்குள் அவன் முகம் கிழவன் முகம் போல இருந்தது. இவர் முன்னால் போய் நின்றார். இவர் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி, போர்வைக்கு மேலாக அவனுக்குப் போட்டு, சின்னப் பிள்ளைக்குப் போடுவது போலப் பொத்தான் எல்லாவற்றையும் பூட்டினார்.

நடந்ததைச் சுகந்தன் சொன்னான். வியாழன் விடியற்காலை. படகைத் தள்ளுகிற விசிறியில் கயிறு சிக்கி எஞ்சின் நின்றுவிட்டது. பின்பக்கம் குனிந்து வெட்டவேண்டும். வயதில் இளையவன் என்று சுகந்தன்தான் போயிருக்கிறான். லெஸ் அவனைத் தோளில் பிடித்து உள்ளே தள்ளினார். "நீ உள்ள போ எண்டவர், அம்மா. வேற ஒண்டும் சொல்லேல்லை." அடுத்த அலைக்குப் பிறகு அங்கே யாரும் இல்லை.

படகின் தலைவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்தார். மற்ற ஆண்கள் பின்னால் போனார்கள். நாங்களும் போனோம். போகாமல் காரில் ஏறியிருக்கலாம்.

மிச்சிகோ மேசையில் புதுப் பியர் ஊற்றி வைத்திருந்தார். நுரை நின்றது. தலைவர் சொன்னதை முழுக்கக் கேட்டார். எந்த நாள், எந்த நேரம் என்று திரும்பக் கேட்டார்.

"வியாழன். விடிய."

"இல்லை" என்றார் மிச்சிகோ. அமைதியாக, ஒரு கணக்கைத் திருத்துவது போல. "வெள்ளி மத்தியானம் மூடியில் தண்ணீர் இருந்தது. வியாழனில் போனவருக்கு வெள்ளியில் தண்ணீர் வராது. அவர் எங்கோ ஏறியிருக்கிறார். தீவுகள் இருக்கின்றன." என்னைக் காட்டினார். "இந்த அம்மா பார்த்தார்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர், ஆண்கள், என் கணவர், போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த என் மகன்.

நான் ஓம் என்று தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு

காரில் வரும்போது சுகந்தனுக்குப் பிஸ்கட்டும் தேத்தண்ணியும் நீட்டினேன். இரண்டு நாள் பட்டினி கிடந்தவன்.

"பசிக்கேல்லை அம்மா" என்றான். "இண்டைக்கு மத்தியானம் வரைக்கும் வயிறு கொதிச்சது. பிறகு பசியே வரேல்லை."

இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

லெஸ்ஸின் உடல் கிடைக்கவில்லை. ஊர்க்காரர் தேவாலயத்தில் ஒரு பூசை வைத்தார்களாம், மிச்சிகோ போகவில்லையாம். புது வருடத்தில் அவரிடமிருந்து எங்களுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. கடலும் சூரியனும் வரைந்த அட்டை. பின்னால் ஆங்கிலத்தில் ஒரே வரி: "ஒவ்வொரு நாளும் தண்ணீர் இருக்கிறது."

அடுத்த வருடமும் வந்தது. அதற்கடுத்த வருடமும். அதே வரி.

நான் விஞ்ஞானம் படிப்பித்தவள். சூடான சோற்றை மூடி வைத்தால் மூடியில் நீர் துளிக்கும். யாருக்கு வைத்தாலும் துளிக்கும். அதில் ஓர் அதிசயமும் இல்லை என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விளக்கலாம். அந்த ஒரு நாள், அந்த ஒரு மூடி மட்டும் ஏன் உலர்ந்திருந்தது என்பதை எனக்கு யாரும் விளக்கவில்லை.

எங்கள் வீட்டில் உயிரோடு இருந்தவருக்கு இல்லை என்று காரியம் செய்தோம். அங்கே இல்லாதவருக்கு இன்றைக்கும் சோறு வேகிறது. என்னுடைய ஒரு வார்த்தையில்தான் வேகிறது. ஒரு கடிதம் எழுதினால் நின்றுவிடும். பலமுறை எழுத இருந்திருக்கிறேன். "அன்புள்ள மிச்சிகோ" என்பதைத் தாண்டியதில்லை. நின்றால் அவரிடம் பிறகு என்ன இருக்கும் என்பது ஒரு காரணம். என் மகனின் இடத்தில் குனிந்தவரின் மனைவிக்கு அதை நான் எப்படிச் சொல்வது என்பது மற்றக் காரணம். இதைத் தமிழில், அவர் வாசிக்க முடியாத ஒரு பத்திரிகையில் எழுதுவது எவ்வளவு கோழைத்தனம் என்பதும் எனக்குத் தெரியும்.

சுகந்தன் இப்போது மெல்பேர்ணில், நோபல் பார்க்கில் இருக்கிறான். லொறி ஓட்டுகிறான். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வீதியில் இருப்பான். அவன் ஓடுகிற நாட்களில் நானும் ஒரு கிண்ணத்தில் சோறு போட்டு மூடிக் குசினி யன்னலோரம் வைக்கிறேன். எள் போடுவதில்லை. எங்கள் வீட்டில் எள்ளே வாங்குவதில்லை.

மத்தியானம் நான் அறைக்குள் போய்விடுவேன். இவர்தான் திறந்து பார்ப்பார். கிண்ணத்தில் மூடி உரசுகிற சத்தம் கேட்கும்.

"தண்ணி இருக்கோ?" என்று அறைக்குள் இருந்தபடி கேட்பேன்.

"இருக்கு" என்பார். "நிறைய இருக்கு."

நான் வெளியே வருவதற்குள் அவர் மூடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவார்.